அது எங்கள் குசினி மணம் அல்ல

எங்கள் வீட்டில் தூள் வறுப்பதென்றால், இந்தச் சுவிஸ் நாட்டில், வின்டர்தூர் நகரத்துக்குப் போகவேண்டும். அங்கே தொழிற்பேட்டைக்குள் மாமாவுக்குக் கார் திருத்தும் இடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது பூட்டிக் கிடக்கும். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, பெருஞ்சீரகம் எல்லாவற்றையும் பைகளில் கட்டி, காஸ் அடுப்பையும் தாச்சியையும் அப்பாவின் காரில் ஏற்றிக்கொண்டு அம்மா அங்கே போவார். பழைய டயர்களுக்கு நடுவில் முக்காலி போட்டு இருந்து வறுத்து, அரைத்து, ஆறவைத்து, போத்தல்களில் அடைத்துக்கொண்டு வருவார். சொந்த வீட்டில் அருமையான குசினி இருக்கும் ஒரு மனுசி இப்படித்தான் தூள் வறுத்தார், நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து.

ஏனென்றால் ஒருமுறை வீட்டில் வறுத்தபோது ஹவுஸ்வார்ட், அதாவது எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், வந்து கதவைத் தட்டினார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். அவர் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தது நான்தான். வீட்டில் ஜெர்மன் எனக்கு மட்டும்தான் சரியாக வரும். "உங்கட சாப்பாட்டு மணத்தால மற்ற ஆக்களுக்குக் கரைச்சலாம்" என்றேன். அம்மா அவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே மரியாதைச் சொல்லை, மன்னிக்கவும் என்பதை, திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்றைக்குப் பிறகு வந்த ஒழுங்குகளை நான் இங்கே சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. சமைக்கும்போது யன்னல் திறக்கக்கூடாது. குசினிக் கதவின் அடியில் ஈரத்துணி வைக்கவேண்டும். மீன் என்றால் சனிக்கிழமை மட்டும். கருவாடு என்றால் மழை நாளில் மட்டும், மழைக்கு எல்லோரும் யன்னலைப் பூட்டி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூட உடுப்பும் வேலைக்குப் போகும் மேற்சட்டையும் படுக்கை அறை அலுமாரிக்குள், பொலித்தீன் உறைக்குள். இது எங்கள் வீட்டுச் சட்டம் மட்டுமல்ல. கீழ் வீட்டு அக்கா வீட்டிலும் இதே சட்டம். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த மற்றத் தமிழ்க் குடும்பங்களிலும் இதேதான். யாரும் கூடிக் கதைத்துத் தீர்மானித்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டில் ஒரு மணம் எழுந்தால், அது எங்களிடமிருந்துதான் எழுந்திருக்கும்.

எங்கள் ஊர் வில் நகரத்துக்கும் வின்டர்தூருக்கும் இடையில் இருக்கிறது. தேவாலயம், பள்ளிக்கூடம், பண்ணைகள், மேட்டில் புது வீடுகள். எங்கள் கட்டடங்கள் மூன்றும் ஊரின் கடைசியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அதை "ப்ளொக் பக்கம்" என்பார்கள். தமிழர், போர்த்துக்கேயர், கொசோவோக்காரர், தனியே இருக்கும் சில சுவிஸ் முதியவர்கள். அப்பாவுக்கு வில்லில் தொழிற்சாலை வேலை. அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு. சண்டைக் காலத்தில் இருவருக்கும் பள்ளிக்கூடம் பாதியிலேயே முடிந்துபோனது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். சுற்றுச்சூழல் பொறியியல் படித்தேன். நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் அப்பா, "குப்பையில இருந்து கரண்ட் எடுக்கிற படிப்பு" என்பார். அதில் பிழையும் இல்லை.

அதனால்தான் ப்ளொக்குக்கு எதிரே, பழைய சரளைக்கல் குழி இருந்த நிலத்தில், பயோகாஸ் ஆலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது சந்தோசப்பட்ட முதல் ஆளும் நான்தான். கெமைண்ட, அதாவது எங்கள் ஊராட்சி, நிலத்தைக் கொடுக்கும். ஊரின் பச்சைக் கழிவையும் கொடுக்கும். பண்ணைக்காரர்கள் மாட்டுச் சாணத்தைக் கொடுப்பார்கள். ஒரு தனியார் சக்தி நிறுவனம் முதல் போட்டு ஆலையைக் கட்டி நடத்தும். உணவகங்களின் மிச்சச் சாப்பாடும் லொறிகளில் வரும். எல்லாவற்றையும் காற்றுப் புகாத பெரிய தொட்டிக்குள் புளிக்கவிட்டால் வாயு வரும். அந்த வாயுவில் மின்சாரம், அந்தச் சூட்டில் பள்ளிக்கூடத்துக்கு வெந்நீர், மிஞ்சுவது வயலுக்கு உரம்.

இதை நான் வீட்டில் மேசையில் இருந்து விளக்கினேன். அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"தோசை மா புளிக்கிற மாதிரி" என்றார்.

"ஓம், அதேதான். மூடி இறுக்கமாக் கிடக்கவேணும், அவ்வளவுதான்."

"மூடி சரியில்லாட்டி?"

"நாறும். ஆனா அதுக்கும் வழி வச்சிருக்கினம்."

உண்மையாகவே வைத்திருந்தார்கள். ஆலைத் திட்டத்தை ஊருக்கு விளக்கிய கூட்டத்தில் நான் இருந்தேன். லொறிகள் கழிவைக் கொட்டும் மண்டபம் மூடிய மண்டபம் என்று படம் காட்டினார்கள். லொறி உள்ளே போனதும் பின்னால் கதவு விழும். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, மரச்சீவல் நிரப்பிய பெரிய படுக்கை ஒன்றுக்குள்ளால் விடுவார்கள். மரச்சீவலில் வாழும் நுண்ணுயிர்கள் நாற்றத்தைத் தின்றுவிடும். எளிமையான, பழைய, நல்ல ஏற்பாடு. ஊர் வாக்களித்தது அந்தப் படத்துக்குத்தான்.

அம்மா அதன்பிறகு சமையல் கழிவு போடும் பச்சை வாளியைக் கோவில் சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டார். மீன் முள்ளைக் கழுவிப் போட்டார். "உதை ஏனம்மா கழுவுறீங்கள்?" என்று கேட்டால், "எடுக்கிறவனுக்கு மணக்கக்கூடாதெல்லோ" என்பார்.

ஆலை ஓடத் தொடங்கியபோது எனக்குப் படிப்பின் கடைசி வருடம். கிழமை நாட்களில் வின்டர்தூரில் ஒரு அறையில் தங்கி, சனியும் ஞாயிறும் மட்டும் வீட்டுக்கு வந்து போனேன். ஆலைக்கு லொறிகள் வருவது திங்கள் முதல் வெள்ளி வரை. ஆகவே நான் பார்த்த ஊர் வேறு, அம்மா இருந்த ஊர் வேறு.

வந்துபோகும்போது சில மாற்றங்கள் கண்ணில் பட்டன. குசினியில் புது வாசனைத் திரவியப் போத்தல்கள். குளியலறையிலும் சாம்பிராணி. அம்மா கருவாடு சமைப்பதை விட்டுவிட்டார். பிறகு மீனையும் விட்டார். கேட்டதற்கு, "வயித்துக்கு ஒத்துக்கொள்ளுதில்லை" என்றார். கட்டட வாசலில் நிர்வாகம் ஒட்டியிருந்த அறிவிப்பையும் பார்த்தேன். கடுமையான மணம் தரும் உணவு சமைப்பவர்கள் அயலவர்களின் நலம் கருதி நடந்துகொள்ளும்படி கேட்டிருந்தார்கள். "நல்ல அயலவராக இருப்போம்" என்று முடித்து, கீழே ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்கள். அது புதிதல்ல என்று நினைத்து மேலே ஏறிப் போனேன்.

படிப்பு முடிந்து, வின்டர்தூரில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை தொடங்க இடையில் சில வாரங்கள் இருந்தன. அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அது கந்தசஷ்டி விரத காலம். அம்மா வருடா வருடம் பிடிக்கிற விரதம். பகலில் ஒன்றும் இல்லை, இரவில் பாலும் பழமும். அப்பா தொழிற்சாலைக் கன்டீனில் சாப்பிட்டுக்கொள்வார். வீட்டில் அடுப்பு மூட்டுவதே இல்லை.

ஒரு காலை நான் எழும்பி வந்தபோது அம்மா குசினித் தொட்டியின் கீழே அரை உடம்பை நுழைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் வினாகிரிப் போத்தல், பழைய பல்துலக்கி. குழாயைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"உதுக்குள்ள என்னவோ செத்துக் கிடக்கு போல. எத்தினைதரம் கழுவினாலும் மணக்குது."

மணந்ததுதான். அழுகிய முட்டையும் பழைய கருவாடும் கலந்த மாதிரி, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் மணம்.

"என்ன சமைச்சனீங்கள்?"

"என்னத்தைச் சமைக்கிறது, விரதமெல்லோ! அடுப்பு மூட்டேல்லை. இது முந்திச் சமைச்சது, சுவருக்குள்ள ஊறிப்போச்சு."

அடுப்பே மூட்டவில்லை என்று தன் வாயாலேயே சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். யன்னலடிக்குப் போய்க் கைபிடியைத் திருப்பினேன்.

"திறவாதை!" அம்மா தொட்டிக்குக் கீழே இருந்து கத்தினார். "மணம் வெளியில போகும்! ஆக்கள் இருக்கிற நேரம்!"

திறந்தேன். மணம் வெளியில் போகவில்லை. உள்ளே வந்தது. முகத்தில் ஈரத்துணியால் அடித்த மாதிரி வந்தது. ரயில் பாதைக்கு அப்பால் ஆலையின் மண்டபம் தெரிந்தது. அதன் ப்ளொக்கைப் பார்த்த பக்கம் கதவு இல்லை. சுவரும் இல்லை; சனி ஞாயிறுகளில் பார்த்தபோது இன்னும் கட்டி முடியவில்லை என்றே நினைத்திருந்தேன். கூரைக்குக் கீழே திறந்த வாய். அதற்குள் ஒரு லொறி பின்பக்கமாகப் போய்ச் சுமையைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, இஞ்ச வாங்கோ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். மூச்சை இழுத்தார். ஒருதரம் திரும்பிக் குசினியைப் பார்த்தார், பிறகு லொறியைப் பார்த்தார்.

"அப்ப இது நாங்களில்லையோ?" என்று கேட்டார்.

நான் கீழ் வீட்டு அக்காவிடம் ஓடினேன். அவரும் விரதம். வீடு முழுக்க ஊதுபத்திப் புகை.

"அக்கா, இந்த மணம் எப்ப துவங்கினது?"

அவர் முகம் கறுத்தது. "உங்களுக்கும் வருதோ தம்பி? நான் என்ன செய்ய? ஃப்ரிட்ஜையே மாத்திப்போட்டன். பழசு நாறுது எண்டு இவர் சண்டை. புதுசும் நாறுது. ஊரில இருந்து வந்த கருவாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே குப்பையில போட்டனான்."

"அது உங்கட ஃப்ரிட்ஜ் இல்லை அக்கா."

"பிறகு? கொம்மா வீடோ?"

இதைச் சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் எங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார். எங்கள் அம்மா தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறார். பக்கத்துக் கட்டடத்தில் விசாரித்தால் அங்கேயும் இதே கதை. ஒரு வீட்டில் குழந்தையின் பள்ளிக்கூடப் பையைத் தினமும் பல்கனியில் தொங்கவிட்டு எடுத்தார்களாம், மணம் போகட்டும் என்று. அதாவது ஆலைக்கு நேர் எதிரே. எல்லோரும் ஆலையைத் தினமும் பார்த்தார்கள். ஆனால் நாற்றம் வந்தபோது ஒருவராவது தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் சட்டியை மணந்து பார்த்தார்கள்.

இந்தப் பிழையை வேறு யாரும் விட்டிருக்கமாட்டார்கள். மேட்டில் இருக்கும் புது வீட்டுக்காரர் ஒருவரின் மூக்கில் அந்த மணம் ஒரு காலை பட்டிருந்தால் மத்தியானத்துக்குள் கெமைண்டவின் தொலைபேசி எரிந்திருக்கும். நான் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. ஒரு மனுசிக்கு, உன் வீடு மணக்கிறது, உன் சட்டை மணக்கிறது, உன் பிள்ளை மணக்கிறான் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தால், உலகத்தில் உள்ள நாற்றம் எல்லாவற்றுக்கும் அவர் தன்னிடமே காரணம் தேடத்தான் செய்வார். சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சிரித்த முகம் வரைந்துதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

எங்கள் மேல்மாடியில் ஒரு சுவிஸ் மூதாட்டி, தனியாக இருப்பவர். எங்கள் சமையல் மணம் பற்றிக் கட்டட நிர்வாகத்துக்கு முறைப்பாடு செய்தவர் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் போய் மணியடித்தேன். அவரைப் பல்கனிக்குக் கூட்டிவந்து காட்டினேன். அந்த மேல்மாடி அம்மா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"நான் உங்களுடைய சாப்பாடு என்றல்லவா நினைத்தேன்" என்றார்.

"எங்களுடைய அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்" என்றேன்.

கெமைண்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆலையை நடத்துவது நிறுவனம், அன்றாட விஷயங்களை அவர்களிடம் கேட்கவேண்டும் என்றார். நிறுவனத்தின் ஆலைப் பொறுப்பாளரிடம் போனேன். அவர் இன்னும் மரியாதையானவர், கோப்பி தந்தார், நானும் அதே படிப்பு என்று கேட்டுச் சந்தோசப்பட்டார். மண்டபத்தின் ப்ளொக் பக்கத்தை மூடுவதும் மரச்சீவல் வடிகட்டியும் கட்டடத் திட்டத்தில் சேர்ந்தவை, அவற்றைப் பற்றி முடிவெடுப்பது கெமைண்ட என்றார்.

"ஆனால் மூடிய மண்டபம் என்றுதானே படம் காட்டினீர்கள்?"

"ஆம். செலவு கூடியதால் அதை இரண்டாவது கட்டத்துக்குத் தள்ளினோம். இரண்டு தரப்பும் சேர்ந்து ஒத்துக்கொண்டதுதான். சுற்றி இருப்பவர்களிடமிருந்து முறைப்பாடு வந்தால் உடனே கட்டுவது என்றும் எழுதியிருக்கிறோம்."

"வந்ததா?"

"இல்லை" என்றார். உண்மையாகவே பெருமைப்பட்டார். "மிக அருகில் இருக்கும் கட்டடங்களிலிருந்து ஒரு முறைப்பாடுகூட இல்லை. அதனால் இரண்டாவது கட்டத்திலும் அது தேவைப்படாது என்று நினைக்கிறோம். இன்னொரு தொட்டி மட்டும் கட்டுவோம். இன்னும் கூடுதலான உணவுக் கழிவு எடுக்கலாம்."

நான் கோப்பியைக் குடித்து முடிக்கவில்லை. என் அம்மா வினாகிரியோடு குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு காலையும் இவர்களுடைய கணக்கில் ஒரு திருப்தியான அயலவர். அக்கா குப்பையில் போட்ட கருவாட்டுப் பார்சல் இவர்களுடைய படத்தில் ஒரு பச்சை நிறச் சரி அடையாளம். பொதுவும் தனியாரும் கைகோத்து நடத்தும் முயற்சி என்று இதற்குப் பெயர். நல்லது, கோக்கட்டும். ஆனால் பொதுவிடம் போனால் தனியாரைக் காட்டுகிறார்கள், தனியாரிடம் போனால் பொதுவைக் காட்டுகிறார்கள். கோத்த கைகளுக்குள் நுழைய இடம் இல்லாமல் வெளியே நிற்பவர்கள் யார்? அந்தப் பொதுவுக்குள் என் அம்மா இல்லையா?

இல்லை. இதைச் சட்டமே சொல்கிறது. இரண்டாவது கட்டத்துக்கு ஊர்ச் சபை வாக்களிக்கவேண்டும். சபை என்றால் வாக்குரிமை உள்ள எல்லோரும் ஒரு மண்டபத்தில் கூடிக் கை உயர்த்துவது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சி விசாதான், நிரந்தரமாக இருக்கலாம், வாக்குரிமை இல்லை. எனக்கு அந்த வருடம்தான் குடியுரிமை கிடைத்திருந்தது. அதற்கான நேர்முகத்தில் என்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, பச்சை வாளிக்குள் என்னென்ன போடலாம் என்பது. முழுவதும் சொன்னேன். சிரித்துக்கொண்டே போதும் என்றார்கள்.

சபைக்கு முன் அக்காவிடமும் மற்றவர்களிடமும், நீங்களும் வாருங்கள், முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். என் தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். மண்டபத்தை மூடி, வடிகட்டியைக் கட்டி முடிக்கும்வரை இரண்டாவது தொட்டி வேண்டாம். ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆலையை ஊரில் என்னைவிட விரும்பியவர் யாரும் இல்லை.

சபை கூடியது பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில். வாக்குரிமை உள்ளவர்கள் நடுவில். இல்லாதவர்களுக்கு ஓரமாக, சுவரில் பொருத்திய ஏறுசட்டங்களுக்குக் கீழே, தனியாகச் சில கதிரைகள். விருந்தினர் என்று ஒரு மட்டை. இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஊரில் வாழும் விருந்தினர். அம்மா முதியோர் இல்லத்து நத்தார் விருந்துக்குப் போடும் நல்ல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொலித்தீன் உறைக்குள் இருந்து எடுத்தது. பக்கத்தில் அப்பா, அக்கா, ஒரு போர்த்துக்கேயக் குடும்பம். நான் நடுவில், கையில் வாக்கு அட்டையோடு. மேல்மாடி அம்மாவும் வந்து எனக்கு முன் வரிசையில் இருந்தார்.

ஆலைப் பொறுப்பாளர் படம் காட்டினார். அதில் "அயலவர்: முறைப்பாடு இல்லை" என்று ஒரு வரி. நான் எழும்பினேன். சின்ன வயதிலிருந்து பேசும் பாஷைதான், ஆனாலும் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். என் தீர்மானத்தைச் சொன்னேன். ஏன் முறைப்பாடு வரவில்லை என்பதையும் சொன்னேன். விரதத்தைப் பற்றி, அடுப்பு மூட்டாத வீட்டைப் பற்றி, மாற்றிய ஃப்ரிட்ஜைப் பற்றி. மண்டபம் அமைதியாகக் கேட்டது. ஒரு கணம், விளங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது ஆலைக்குச் சாணம் கொடுக்கும் பண்ணைக்காரர் ஒருவர் கையை உயர்த்தினார். நல்ல மனுசன், என்னைச் சின்ன வயதில் ட்ராக்டரில் ஏற்றிச் சுற்றிக் காட்டியவர்.

"இளைஞர் அழகாகப் பேசினார்" என்றார். "ஆனால் நான் ப்ளொக் பக்கம் ட்ராக்டர் ஓட்டத் தொடங்கிக் கனகாலம். ஆலை வருவதற்கு முன்பும் மத்தியான நேரத்தில் அங்கே ஒரு மணம் இருந்தது. அது என் மாடுகள் இல்லை என்று என் மாடுகள் சத்தியம் செய்கின்றன."

மண்டபம் சிரித்தது. வெறுப்பில்லாமல், நாள் முழுக்க வேலை செய்து களைத்த மனிதர்கள் ஒரு நல்ல பகிடிக்குச் சிரிப்பது போலச் சிரித்தது. சபைத் தலைவரும் சிரித்தார். நான் திரும்பி ஓரத்துக் கதிரைகளைப் பார்த்தேன்.

அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அந்த வேகமான ஊர்ப் பேச்சு விளங்காது. எல்லோரும் சிரித்தார்கள், தானும் சிரித்தார், மரியாதைக்கு. முகத்தை நிமிர்த்தி, பல் தெரிய, அந்தப் பண்ணைக்காரரைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார்.



வாக்கெடுப்பு நடந்தது. என் தீர்மானத்துக்கு யார் ஆதரவு என்று தலைவர் கேட்டார். கையை உயர்த்தினேன். மேல்மாடி அம்மா உயர்த்தினார். அங்கும் இங்குமாக இன்னும் சில கைகள். தலைவர் மண்டபத்தை ஒரு பார்வை பார்த்து, "தெளிவாக இருக்கிறது, எண்ணவேண்டியதில்லை" என்றார். எண்ணுவதற்கென்றே நியமித்த ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். அவர்கள் அசையவில்லை. தோற்றதுகூடப் பரவாயில்லை. எங்களை எண்ணக்கூட இல்லை.

பிறகு வெள்ளை வைனும் சீஸும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து என் தோளில் தட்டினார். "நன்றாகப் பேசினாய். உன் ஜெர்மன் எவ்வளவு நன்றாக இருக்கிறது!" நான் பிறந்தது வில் ஆஸ்பத்திரியில்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அம்மாதான் கேட்டார்.

"அந்த மனுசன் என்ன பகிடி விட்டவர்? எல்லாரும் சிரிச்சவையள்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கியிருந்தது. "உனக்கென்னத்துக்கு அது. கெதியா நட, குளிருது" என்றார்.

சின்ன வயதிலிருந்து நான் இந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளன். வாசலில் நின்றவர்கள் சொன்னதைச் சொல்லியிருக்கிறேன், மருத்துவர் சொன்னதைச் சொல்லியிருக்கிறேன். இதையும் சொன்னேன், சொல்லுக்குச் சொல், மாடுகள் வரை.

அம்மா நின்றுவிட்டார்.

"நான் சிரிச்சனான் எல்லோ" என்றார்.

"ஏன்ரா சொன்னனீ?" என்றார் அப்பா.

அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தார். வீட்டுக்குள் வந்து மேற்சட்டையைக் கழற்றினார். பொலித்தீன் உறைக்குள் போடவில்லை. குசினிக் கதிரையில் தொங்கவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை நான் தும்மிக்கொண்டு எழும்பினேன். குசினியில் தாச்சி அடுப்பில் இருந்தது. செத்தல் மிளகாய் கறுத்துக்கொண்டிருந்தது. கதவின் அடியில் ஈரத்துணி இல்லை. யன்னல் அகலத் திறந்திருந்தது. பல்கனிக் கதவும்.

"இஞ்சையப்பா, என்ன விசர் வேலை இது?" அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். "மாமாவின்ர கராஜுக்குப் போவம்."

"ஏன், எனக்கு வீடில்லையோ?" என்றார் அம்மா. அகப்பையைத் தாச்சியில் தட்டினார். "நிண்டு பாக்காமல் மல்லியை எடுத்துத் தாங்கோ."

மல்லி பாதி வறுபடும்போது ஹவுஸ்வார்ட் வந்தார். அதே ஆள், தலை நரைத்துவிட்டது. மூக்கில் கைக்குட்டை. நான் வழமைபோல வாசலுக்குப் போனேன். அம்மா என்னை முழங்கையால் ஒதுக்கினார்.

"தாஸ் பின் இஹ்" என்றார். இது நான்.

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துப் பல்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார். சனிக்கிழமை, லொறி இல்லை, ஆலை சும்மா கிடந்தது. அம்மா அகப்பையால் அதைக் காட்டினார்.

"மோன்டாக், தாஸ். நிஹ்ட் இஹ்." திங்கட்கிழமை வருவது அது. நான் இல்லை.

ஹவுஸ்வார்ட் அகப்பையைப் பார்த்தார், ஆலையைப் பார்த்தார். பெரிதாகத் தும்மினார். பிறகு படியிறங்கிப் போனார். கட்டட வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவர் கழற்றவில்லை. அக்கா கழற்றினார்.

இதை வாசித்து யாரும் ஆறுதல்படவேண்டாம். இரண்டாவது தொட்டிக்கு அத்திவாரம் வெட்டிவிட்டார்கள். மண்டபத்தின் வாய் இப்போதும் எங்களைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. என் படிப்பைக் கொண்டு என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். ஆலை நிறுவனத்தின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்து, ப்ளொக்கில் உள்ள எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். உங்களுக்காக நான் கதைக்கமாட்டேன், நீங்கள் கதைக்கவேண்டும், எந்தப் பாஷையிலாவது கதையுங்கள் என்றேன். முறைப்பாடு வந்தால் கட்டுவோம் என்று எழுதியவர்கள் அவர்கள்தான். மேல்மாடி அம்மாதான் முதலில் எடுத்தார் என்று கேள்வி. அக்கா தமிழும் ஜெர்மனும் கலந்து ஏசுகிறாராம்.

என் அம்மா ஏசுவதில்லை. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகமுன் யன்னலைத் திறந்து மூச்சை இழுத்துப் பார்ப்பார். பிறகு தொலைபேசியை எடுப்பார். மன்னிக்கவும் என்று தொடங்குவதில்லை. குட்டன் மோர்கன், எஸ் ஷ்டிங்க்ட், என்பார். காலை வணக்கம், நாறுகிறது. மறுபக்கத்தில் மரியாதையான குரல் ஒன்று நீளமாக ஏதோ சொல்லும். அம்மா அதை விளங்கிக்கொள்ள முயற்சிப்பதில்லை, என்னைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. குரல் முடியும்வரை காத்திருந்துவிட்டு ஒரே ஒரு சொல்லைச் சொல்வார், பதில் வரும்வரை வைக்கமாட்டார்.

"ஷ்ரைபன்."

எழுதுங்கள்.